இலவச அறுவை சிகிச்சை முகாமைச் செய்தியாக்குவது எப்படி? கிராமத்துக் கண் முகாமை வைத்து ஒரு முழு வழிகாட்டி

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை இலவச கண் சிகிச்சை முகாம் நடக்கிறது. போன நிருபர் அன்று மாலையே செய்தியை அனுப்பிவிடுகிறார். குத்துவிளக்கு ஏற்றும் படம் ஒன்று, மேடையில் இருந்தவர்களின் பெயர்ப் பட்டியல், கடைசியில் "இத்தனை பேர் பயனடைந்தனர்" என்று ஒரு வரி. அந்த நேரத்தில் ஆபரேஷனே தொடங்கியிருக்காது. பயனடைந்ததாக அச்சில் வந்த பாட்டி, பஸ்ஸில் உட்கார்ந்து எந்த ஊருக்குப் போகிறோம் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

தென் மாவட்டங்களில் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போய் எழுதியிருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கும், கேமராவோடு உதவிக்குப் போகும் தன்னார்வலர்களுக்கும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரே ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுங்கள். அவர் பதிவு வரிசையில் நிற்பதிலிருந்து ஒரு மாதப் பரிசோதனை முடியும்வரை கூடவே போங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

படி 1: என்ன வகை முகாம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

முகாம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு வேறு வேலைகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இன்று நடக்கும் பெரும்பாலான கண் முகாம்களில் பரிசோதனை மட்டும் ஊரில் நடக்கும். ஆபரேஷன் தேவைப்படுபவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். முன்பு அப்படி இல்லை. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் மேசை போட்டு, அங்கேயே கண்ணைத் திறந்து ஆபரேஷன் செய்த காலம் இருந்தது. மதுரையில் அரசுப் பணியில் இருந்தபோது ஊர் ஊராகக் கண் முகாம் நடத்திய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வுபெற்ற பிறகு தன் 58ஆவது வயதில், 1976இல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கும் கட்டணத்தில் முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் முறை அங்கே வளர்ந்தது. 1992இல் உள்விழி லென்ஸை (கண்புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ்) மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கிய பிறகுதான், ஏழைக்கும் லென்ஸ் வைப்பது சாதாரண விஷயமானது.

நேபாள மலைப்பகுதியில் கதை வேறு. அங்கே நோயாளியைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவரச் சாலையே இல்லாத ஊர்கள் உண்டு. அதனால் நேபாளக் கண் டாக்டர் சந்துக் ரூயித்தின் குழு மைக்ராஸ்கோப்பைச் சுமந்துகொண்டு மலையேறிப் போனது. 1994இல் காத்மாண்டுவில் தொடங்கிய தில்கங்கா கண் மருத்துவமனை லென்ஸையும் அங்கேயே செய்கிறது. இந்தியாவில் 1991 முதல் ஓடும் லைஃப்லைன் எக்ஸ்பிரஸில் ஆபரேஷன் தியேட்டரே ரயில் பெட்டிக்குள் இருக்கிறது.

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு (வாயின் மேல்தளம் பிளந்திருப்பது) முகாம்களை இவற்றோடு சேர்த்து எடைபோடாதீர்கள். புரை ஆபரேஷனில் ஒரு கண்ணுக்கு ஒரு ஆபரேஷன் பெரும்பாலும் போதும். அண்ணப் பிளவுள்ள குழந்தைக்கு உதடு ஒரு வயதில், அண்ணம் வேறொரு வயதில், அப்புறம் பேச்சுப் பயிற்சி, பல் வரிசை என்று வருஷக்கணக்கில் தொடர வேண்டும். ஒரு வாரம் வந்துவிட்டு விமானம் ஏறும் குழுவிடம், அடுத்த ஐந்து வருஷத்துக்கு இந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். 1982இல் பிலிப்பைன்ஸின் நாகா நகரத்துக்கு வந்த அமெரிக்க டாக்டர்களால், வந்து நின்ற குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு ஆபரேஷன் செய்ய முடியவில்லை. திருப்பி அனுப்பிய குழந்தைகளுக்காக மறுபடி வருகிறோம் என்று சொல்லிப் போனதிலிருந்துதான் ஆபரேஷன் ஸ்மைல் அமைப்பு பிறந்தது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் என்ற அந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

படி 2: ஒரு வாரம் முன்னாலேயே கேட்க வேண்டியவை

முகாம் நாளன்று யாருக்கும் பேச நேரம் இருக்காது. முன்கூட்டியே போய்க் கேளுங்கள்.

பணம் யாருடையது? நோட்டீஸ், பந்தல், சாப்பாடு ஆகியவற்றின் செலவை உள்ளூர் ரோட்டரி, லயன்ஸ் சங்கமோ ஒரு கடைக்காரர் குடும்பமோ ஏற்றிருக்கலாம். ஆபரேஷன் செலவு ஆஸ்பத்திரியுடையது. தொண்டு நிறுவனங்கள் செய்யும் இலவசப் புரை ஆபரேஷனுக்கு அரசின் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்திலிருந்து உதவித்தொகை உண்டு. இந்த மூன்றையும் பிரித்து எழுதினால், பந்தல் போட்டவரையே ஆபரேஷன் செய்தவராகக் காட்டும் பிழை வராது.

அனுமதி இருக்கிறதா? மாவட்டப் பார்வையிழப்புத் தடுப்புச் சங்கத்துக்குத் தெரியுமா என்று கேளுங்கள். வெளிநாட்டு டாக்டர் வந்தால், இங்கே சிகிச்சை செய்ய மருத்துவ ஆணையத்தின் அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று பாருங்கள். நல்ல குழு எதுவும் இந்தக் கேள்விக்கு முகம் சுளிக்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு நடு ராத்திரியில் கண் வலித்தால் நோயாளி யாரைக் கூப்பிடுவார்? இதற்கு ஒரு போன் நம்பரும், வந்து போக ஒரு வழியும் பதிலாக வர வேண்டும். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று பதில் வந்தால் அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பலன் பற்றிய கணக்கு. 6/18 பார்வை என்றால், நல்ல கண் 18 மீட்டரில் பார்ப்பதை இந்தக் கண் 6 மீட்டரில் பார்க்கிறது என்று அர்த்தம். ஆபரேஷன் செய்த கண்களில் குறைந்தது 80 சதவீதம், இருக்கிற கண்ணாடியோடு 6/18 அல்லது அதைவிட நல்ல பார்வை பெற வேண்டும், 6/60க்குக் கீழே போனவை 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவுகோல். உங்களிடம் இந்தக் கணக்கு இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியிடம் கேளுங்கள். எத்தனை பேருக்குச் செய்தோம் என்ற எண்ணிக்கை எல்லோரிடமும் இருக்கும். எத்தனை பேருக்குப் பார்வை வந்தது என்பதை எண்ணி வைத்திருப்பவர்கள்தான் வேலையை முழுதாகச் செய்கிறவர்கள்.

படி 3: முகாம் நாள் காலை

மேடைக்குப் போகாதீர்கள், பதிவு மேசைக்குப் போங்கள். விழா பத்து மணிக்கு என்றால் ஆறரை மணிக்கே ஜனம் வந்திருக்கும். முந்தின நாள் ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னதைக் கேட்டு முதல் பஸ்ஸுக்கு வந்தவர்கள். யாரோடு வந்தார்கள், ஒரு நாள் கூலி போனது எவ்வளவு, ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று இந்த வரிசையில் பேசலாம். "யார் கூட்டிட்டுப் போறது?" என்பதுதான் நான் அதிகம் கேட்ட பதில்.

வரிசை நகரும் வழியை நீங்களும் ஒருமுறை நடந்து பாருங்கள். பதிவு முடிந்ததும் பார்வை அளவு பார்ப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு, திசை மாற்றி மாற்றி எழுதிய ஆங்கில 'E' எழுத்து அட்டை. அதன் கால்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்று விரலால் காட்டினால் போதும். அப்புறம் முதற்கட்டப் பரிசோதனை, கண் பிரஷர் (கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம்), கண்ணீர்க்குழாயில் தண்ணீர் செலுத்தி அடைப்பும் சீழும் இருக்கிறதா என்று பார்ப்பது, ரத்த அழுத்தம், சுகர், கடைசியில் டாக்டர். கண்ணீர்க்குழாய் சோதனையைப் பல நிருபர்கள் கவனிப்பதே இல்லை. சீழ் உள்ள கண்ணில் கத்தி வைத்தால் கிருமி உள்ளே போய்விடும். இதைப் பொறுமையாகச் செய்கிறார்களா, தள்ளிவிடுகிறார்களா என்பதிலேயே முகாமின் தரம் தெரிந்துவிடும்.

உங்கள் நோயாளியை இங்கேதான் கண்டுபிடிக்க வேண்டும். விளாத்திகுளம் பக்கம் ஒரு முகாமில் ஓர் ஆச்சி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். என்னை ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்துவிட்டார். கையில் மடித்து வைத்திருந்த சீட்டை நீட்டி, "தம்பி, எந்தக் கண்ணுக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். வலது கண் என்று எழுதியிருந்தது. "வலதா? எனக்கு இடதுதானே ரொம்ப மங்கலு" என்றார். ஆலோசனை சொல்லும் தங்கச்சியிடம் கூட்டிப்போனேன். இடது கண்ணில் நரம்பு பாதித்திருக்கிறது, அதில் ஆபரேஷன் செய்து பலன் வராது, வலது கண்ணில்தான் பார்வையைத் திருப்ப முடியும் என்று அந்தப் பெண் நிதானமாக விளக்கினார். ஆச்சி இரண்டு முறை கேட்டுவிட்டுத் தலையாட்டினார். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு எந்த மேடைப் பேச்சையும்விடப் பெரிய செய்தி.

ஆச்சியோடு அதே தெருவிலிருந்து இன்னொரு அம்மாவும் வந்திருந்தார். ரத்த அழுத்தம் மிக அதிகம், இன்றைக்குக் கூட்டிப்போக முடியாது என்று அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மருத்துவப்படி அது சரியான முடிவு. ஆனால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குத் தனியாக நடந்ததையும் நான் குறித்துக்கொண்டேன். திருப்பி அனுப்பப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் காரணத்தையும் கட்டாயம் வாங்குங்கள். அவர்களில் ஒருவருடைய ஊரையாவது தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒப்புதல்

இதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆபரேஷனுக்கு வைத்த கைரேகை உங்கள் படத்துக்கான அனுமதி ஆகாது. அது தனி. "எடுத்துக்கறேன் பாட்டி" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்துவதும் அனுமதி இல்லை. முகாமில் கண்பாப்பா விரிய மருந்து விட்டிருப்பார்கள். விட்ட சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, வெளிச்சம் பட்டால் கூசும். அந்த நிலையில் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. சொட்டு மருந்து விடுவதற்கு முன்னாலேயே பேசுங்கள். உங்கள் பெயர், எந்தப் பத்திரிகை, படம் எங்கே வரும், இணையத்தில் வந்தால் வெளியூரில் இருக்கும் மகனும் சம்பந்தி வீட்டாரும் பார்க்கலாம் என்பதையெல்லாம் வாயால் சொல்லுங்கள். முடிந்தால் கூட வந்த உறவினர் முன்னிலையில் சொல்லுங்கள். முக்கியமாக, "நீங்க வேண்டாம்னு சொன்னாலும் ஆபரேஷன் கட்டாயம் நடக்கும், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை" என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் இடத்தில் ஏழைக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. அதனால் மறுநாள் ஒருமுறை கேளுங்கள், ஊரில் அவர் வீட்டுத் திண்ணையில் ஒருமுறை கேளுங்கள். மூன்றாவது முறை கிடைக்கும் சம்மதம்தான் உண்மையானது.

மருந்து விட்ட கண்ணில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். குழந்தையாக இருந்தால் பெற்றோரிடம் கேட்பதோடு குழந்தையிடமும் கேளுங்கள். உதட்டுப் பிளவுள்ள பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் பழைய முகம் இணையத்தில் கிடக்க வேண்டுமா என்பதில் சொந்தக் கருத்து இருக்கும்.

படி 5: பஸ் பயணமும் இரவும்

பஸ்ஸில் நீங்களும் ஏறுங்கள். இடம் இல்லை என்றால் பின்னால் பைக்கில் போங்கள். முகாம் செலவில் பயணமும் சாப்பாடும் ஏற்றுக்கொண்டால் அதைச் செய்தியில் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பாயில் வரிசையாகப் படுத்திருக்கும் இரவில்தான் பயம் பேச்சாக வெளியே வரும். கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டுத் திருப்பிப் பொருத்துவார்கள் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைத் திருத்துவது ஆலோசகரின் வேலை. நீங்கள் டாக்டர் ஆகிவிடாதீர்கள்.

படி 6: ஆபரேஷன் தியேட்டருக்குள்

அனுமதி எழுத்தில் வாங்குங்கள். உள்ளே யார் பேச்சைக் கேட்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது மூத்த சிஸ்டர்தான். அவர் வெளியே போ என்றால் பாதிப் படத்தில் இருந்தாலும் வந்துவிட வேண்டும். சளி, இருமல் இருந்தால் அன்றைக்குப் போகவே கூடாது.

உடை, தொப்பி, மாஸ்க், செருப்பு எல்லாம் அவர்கள் கொடுப்பதைப் போடுங்கள். கேமராவை வெளியிலேயே துடைத்துத் தயார் செய்யுங்கள். லென்ஸை உள்ளே வைத்து மாற்றாதீர்கள், தூசு விழும். பச்சைத் துணி விரித்த எதையும் தொடாதீர்கள், அதன் மேலே குனியவும் செய்யாதீர்கள். கருவித் தட்டுக்கும் சர்ஜனுக்கும் நடுவே நிற்காதீர்கள். கேமராவின் பட்டைத் துணி தொங்கினால் சுருட்டிக் கட்டிவிடுங்கள். தலை சுற்றினால் பின்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒன்றை மறக்கவே கூடாது. நோயாளி விழித்திருக்கிறார். புரை ஆபரேஷனில் கண்ணைச் சுற்றி மட்டும்தான் ஊசி போட்டு மரத்துப்போக வைப்பார்கள். துணிக்கு அடியிலிருந்து ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள் "ஐயோ" என்று முணுமுணுத்தாலும் அவர் தலை அசையலாம். அந்த அசைவில் கத்தி எங்கே போகும் என்று யோசியுங்கள்.

பார்க்க வேண்டியது ரத்தத்தை அல்ல, வரிசையை. எந்தக் கண் என்ற குறி புருவத்துக்கு மேலே இருக்கிறதா? பெயரையும் கண்ணையும் மேசையில் இன்னொரு முறை வாய்விட்டுச் சரிபார்க்கிறார்களா? ஒருவருக்குப் பயன்படுத்திய கருவி, அடுத்தவருக்குப் போகும் முன் எங்கே போய்த் திரும்புகிறது?

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு சர்ஜன் இரண்டு மேசைக்கு நடுவே மைக்ராஸ்கோப்பைத் திருப்பித் திருப்பிச் செய்வதைப் பார்த்ததும் சிலர் சாதனை என்கிறார்கள், சிலர் தொழிற்சாலை என்கிறார்கள். இரண்டுமே அவசரம். தையல் இல்லாத சிறு கீறல் முறையில், கை தேர்ந்தவருக்கு ஒரு கண்ணுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. ஒவ்வொரு மேசைக்கும் பயிற்சி பெற்ற ஆட்களும் தனித்தனிக் கருவிகளும் இருந்தால் அதிக எண்ணிக்கையே பாதுகாப்பைக் கெடுத்துவிடாது. அரவிந்த் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களை ஆராய்ந்து 2017இல் வந்த ஆய்வில், ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள் ஆன்டிபயாட்டிக் செலுத்தத் தொடங்கியதும் கிருமித் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது தெரிந்தது. ஒவ்வொன்றையும் எண்ணியதால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் எண்ணிக்கை உயிரையே எடுக்கும். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே, மூடிக்கிடந்த ஒரு ஆஸ்பத்திரியில், ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்துபோனார்கள். 2016இல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட கருத்தடை முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொன்னது. 2021 நவம்பரில் பீகாரின் முசாபர்பூரில் ஒரே நாளில் 65 பேருக்குப் புரை ஆபரேஷன் நடந்தது. தொற்று ஏற்பட்டு, பலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு இடத்திலும் கதை வெளியே வந்தது பாதிக்கப்பட்டவர்கள் திரும்பி வந்த பிறகுதான். முகாம் அன்றைக்குச் செய்தி போட்டவர்களின் பார்வையில் அது வெற்றிகரமான முகாமாகத்தான் இருந்திருக்கும்.

படி 7: கட்டு அவிழ்க்கும் காலை

எல்லா கேமராவும் கூடும் நேரம் இது. தள்ளி நில்லுங்கள். "சிரிங்க பாட்டி" என்று சொல்லாதீர்கள். முதல் நாள் கருவிழி கொஞ்சம் வீங்கியிருக்கும், பலருக்குப் புகைபோலத்தான் தெரியும். ஆச்சியும் சிரிக்கவில்லை. கையை முகத்துக்கு நேரே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அப்புறம் வெளிச்சம் கூசுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டார். இன்றைக்கே "பார்வை திரும்பியது" என்று தலைப்புப் போடாதீர்கள். "ஆபரேஷன் முடிந்தது" என்றால் போதும்.

சொட்டு மருந்தை எப்படி விட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும்போது கூடவே நின்று கேளுங்கள். வீட்டில் விட யார் இருக்கிறார்கள் என்று நோயாளியிடம் கேளுங்கள்.

படி 8: ஒரு மாதம் கழித்து

இந்தப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஆசிரியரிடம் முகாமுக்கு முன்னாலேயே பேசி, இந்தப் பயணத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கச் சொல்லுங்கள். போகும் வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் கண் மருத்துவ உதவியாளரையும் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு சிவந்த கண்ணோடு யார் யார் வந்தார்கள் என்று முதலில் தெரிவது அவருக்குத்தான்.

ஆச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். தெருமுனையில் நான் வரும்போதே "கேமராத் தம்பி" என்றார். பஸ் நம்பரை யாரையும் கேட்காமல் ஏறுகிறாராம். அரிசியில் கல் பொறுக்க மட்டும் இன்னும் மருமகள்தான். புரை ஆபரேஷனில் வைக்கும் லென்ஸ் பெரும்பாலும் தூரப் பார்வைக்குக் கணக்கிட்டது. கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி வேண்டும். ஊசியில் நூல் கோத்தார் என்று எழுதிவிடும் நிருபர் அதைப் பார்க்காமலேதான் எழுதுகிறார். ஆச்சிக்கு அந்த வாரம்தான் கண்ணாடி வரவேண்டியிருந்தது. வந்ததா என்று பார்க்க நான் இன்னொரு முறை போனேன்.

படி 9: எழுதும்போது

"ஒளி கொடுத்த தெய்வங்கள்" வேண்டாம். டாக்டர்களுக்கே அது பிடிக்காது. குருடு என்ற சொல் வேண்டாம், பார்வை மங்கியவர் என்றால் எல்லோருக்கும் புரியும். கண் பிரஷரில் போன பார்வை திரும்பாது, புரையில் போனது திரும்பும் என்ற வித்தியாசத்தை ஒரு வரியில் சொல்லுங்கள், படிக்கிறவர் வீட்டிலும் ஒரு பாட்டி இருப்பார். குறை தெரிந்தால் முதலில் ஆஸ்பத்திரியிடம் விளக்கம் கேட்டு அதையும் சேர்த்து எழுதுங்கள். நல்ல முகாமைக் குறை சொல்லிப் பயமுறுத்தினால் அடுத்த முகாமுக்கு ஜனம் வராது, மோசமான முகாமைப் புகழ்ந்தால் வந்துவிடும். இரண்டாலும் இழப்பு கண்தான்.

படி 10: படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள்

பத்திரிகைப் பிரதியையும், பிரிண்ட் போட்ட படத்தையும் நீங்களே நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் போனபோது ஆச்சி புதுக் கண்ணாடியைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். பதிவு வரிசையில் எடுத்த படம். தன்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. படத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அன்று திருப்பி அனுப்பப்பட்ட அம்மாவின் மேல் விரலை வைத்து, "இவளுக்கு எப்பத் தம்பி?" என்று கேட்டார்.

நான்கு வீடு தள்ளித்தான் அந்த அம்மாவின் வீடு. சுகாதார நிலையத்தில் கொடுத்த பிரஷர் மாத்திரையைத் தினமும் போடுவதாகச் சொல்லி அட்டையைக் காட்டினார். அடுத்த முகாம் எப்போது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டுத் தேதியை வாங்கி, அந்த அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.